வலப்பக்கத்து அட்டை

காரின் இடப்பக்கத்துக்கு வெட்டின அட்டையைத் திருப்பிப் போட்டு, அதன் மேல் இடது உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார் தஸ்தகீர் பாய். இடதைத் திருப்பினால் வலது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பதுபோல முகம் நிம்மதியாக இருந்தது. அலுமினியத் தகட்டின் மேல் பென்சில் போகிற சத்தத்தில் நாகலிங்கத்துக்குப் பல் கூசியது. தப்பு என்று சொல்ல வேண்டும். திருப்பினால் வலது ஆகாது. வலப்பக்கத்து அசல் அட்டையில் ஸ்டியரிங் தண்டு நுழைந்து போக ஒரு வெட்டு உண்டு. கீழ் விளிம்பிலிருந்து நாலு விரற்கடை மேலே தொடங்கி, கொஞ்சம் பின்னால் சாய்ந்து, போகப் போக அகன்று, நீட்டிய நாக்கைப் போல வளைந்து முடியும். அந்த வளைவுக்குப் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி விழுந்த ஒரு கீறல்கூட உண்டு. கண்ணை மூடினால் கீறல்தான் முதலில் தெரிகிறது, அதைச் சுற்றி அட்டை பிறகு வந்து சேர்கிறது. பாய், அங்க ஒரு வெட்டு வரும். ஐந்தே வார்த்தை. சொன்னால், உங்களுக்கு எப்படி சார் தெரியும் என்று அவர் கேட்பார். கேட்காமல்கூட இருக்கலாம், தகடு வெட்டுகிறவருக்கு வெட்டு இருக்கிறதா என்பதுதான் முக்கியம், அதை யார் எப்போது பார்த்தார்கள் என்பது முக்கியமில்லை. ஆனால் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் மங்கை உட்கார்ந்திருந்தாள். அரை மணி நேரத்துக்கு முன்னால் இதே இடத்தில் நின்று, வலது பக்கத்துது எங்க சார் என்று பாய் கேட்டபோது, வாங்கினப்பவே அது இல்ல பாய் என்று சொல்லியாகிவிட்டது. கேட்டது பாய். பதில் போனது முதுகுக்குப் பின்னால் இருக்கிற அந்த நாற்காலிக்கு. நாகலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார். பென்சில் தன் வழியே போய் வளைவைச் சுற்றி வந்து தொடங்கின இடத்தில் சேர்ந்தது.

பெருங்களத்தூரில் ரயில் பாதையை ஒட்டின தகரக் கொட்டகை. வண்டி நடுவில் நின்றது, வாயைப் பிளந்துகொண்டு. ஹெரால்டு வண்டிக்கு அப்படித்தான், முன்பக்கம் முழுவதும், விளக்கு, மட்கார்டு எல்லாவற்றோடும், முன்னால் சாய்ந்து திறக்கும். எஞ்சினும் இரண்டு சக்கரமும் மானமில்லாமல் வெளியே தெரியும். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில், பக்கத்துக்கு ஒன்றாக, தார் ஊறின கெட்டி அட்டை நிற்கும். சக்கரம் வாரியடிக்கிற சேறும் தண்ணீரும் எஞ்சின் மேல் போகாமல் தடுக்க அதுதான். இடப்பக்கத்து அட்டை ஓரமெல்லாம் பிய்ந்து இருக்கிறது. வலப்பக்கம் வெறும் ஓட்டை. அது வழியாகச் சக்கரம் தெரிகிறது, டயரின் வரி தெரிகிறது. பாய் ஒரு தினக் காலண்டரின் அட்டையில் இடதை அளவு எடுத்தார். ஹார்டுவேர் கடைக்காரர் கொடுத்த காலண்டர், மேலே வள்ளி தெய்வானையோடு முருகன். படத்தை மட்டும் பிசிறில்லாமல் வெட்டி எடுத்து, வெல்டிங் கண்ணாடி வைத்திருந்த பலகையில் சாய்த்து வைத்துவிட்டு, மிச்ச அட்டையைத்தான் கத்தரித்தார். "இந்தக் காலத்துல அட்டை எதுக்கு சார், அலுமினியத்துல போட்டா நம்ம ரெண்டு பேருக்கு அப்புறமும் இருக்கும்" என்றார். பிறகு, பேச்சோடு பேச்சாக, மங்கையைப் பார்த்து, "இது இல்லாம மழைல எடுத்தீங்கன்னா வண்டி நின்னுடும்மா. சக்கரம் அடிக்கிற தண்ணி நேரா எஞ்சின் மேலதான்" என்றார். மங்கை ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். "நின்னுடுமா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். உரித்துக்கொண்டிருந்த கை நின்றதா, தொடர்ந்ததா? நாகலிங்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இப்போது ஆரஞ்சுத் தோலின் வாசனை மட்டும் வருகிறது, அறுத்த அலுமினியத்தின் புளிப்போடு சேர்ந்து. தோல் உரிந்தால்தான் வாசனை வரும். ஆக, கை நிற்கவில்லை. அல்லது நின்று பிறகு தொடர்ந்தது.

நின்னுடுமா. கேள்வியா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டதா. முப்பத்திரண்டு வருஷமாக அவள் மழையைத்தான் சொல்லி வந்திருக்கிறாள். அன்னைக்கு மழை மட்டும் இல்லேன்னா. தங்கையிடம் சொல்வாள், எதிர்வீட்டுக்காரியிடம் சொல்வாள், ஆஸ்பத்திரி வரிசையில் முன்பின் தெரியாதவளிடம்கூட ஒரு தடவை சொன்னாள். எங்கம்மா மதுராந்தகத்துல சீரியஸா இருந்தாங்க, போன் வந்தவுடனே கிளம்பிட்டோம், இவரும் ஆபீசிலேருந்து ஓடி வந்துட்டாரு, வண்டிலதான் போனோம், படாளம் தாண்டல, பேய் மழை, வண்டி நின்னு போச்சு. நாங்க போறதுக்கு முக்கால் மணி நேரம் முன்னால உயிர் போயிடுச்சு. அன்னைக்கு மழை மட்டும் இல்லேன்னா. சொல்லும்போது அவள் குரலில் கோபம் இருக்காது. மழையோடு யார் கோபித்துக்கொள்ள முடியும்? இவரும் ஓடி வந்துட்டாரு என்ற இடத்தில்தான் நாகலிங்கம் வேறு எதையாவது பார்ப்பார், சுவரையோ செருப்பையோ. அந்தக் கதையில் அவர் நல்லவராக வருகிறார். டெலிபோன் ஆபீசில் ரிசீவரைக் கீழே வைத்த கையோடு சைக்கிளில் வீட்டுக்குப் பறந்து வந்து வண்டியை எடுத்தவர். மழையில் நனைந்துகொண்டு எஞ்சினைத் துடைத்தவர். கதை சொல்லச் சொல்ல அவர் இன்னும் நல்லவராகிக்கொண்டே போனார், திருத்துவதற்கான நேரம் ஒவ்வொரு வருஷமும் இன்னும் கொஞ்சம் கடந்துகொண்டே போனது. முதல் மாதம் சொல்லியிருக்கலாம். முதல் திதிக்கு முன்னால் சொல்லியிருக்கலாம். மகன் பிறந்தபோது, மாடி கட்டினபோது, தனக்குக் கண்ணில் புரை எடுத்து இருவரும் ஒரு வாரம் இருட்டறையில் பேசிக்கொண்டே கிடந்தபோது. அந்த வாரம் கிட்டத்தட்ட வாய்வரை வந்தது. கண்ணில் கட்டு இருந்ததால் அவள் முகம் தெரியவில்லை, தெரியாமல் சொல்ல முடியாது என்று விட்டுவிட்டார். கட்டு அவிழ்த்த பிறகு முகம் தெரிந்தது, தெரிந்துகொண்டு சொல்ல முடியவில்லை.

தகரக் கத்தரி கறுக் கறுக்கென்று தகட்டைத் தின்றது. பாய் நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு வெட்டினார். சுருண்டு விழுந்த ஓரம் ஒன்று நாகலிங்கத்தின் செருப்பின் மேல் வந்து நின்றது. குனிந்து எடுத்தார், கூர்மையாக இருந்தது, விரலில் சுற்றிக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான் விரலில் எதையோ சுற்றிக்கொண்டிருந்தார், கிரீஸ் துடைத்த துணியாக இருக்கலாம். ஸ்டியரிங் இறுகலாக இருந்தது, கிரீஸ் வைக்க வேண்டும், கைபோக இடமில்லை, அதனால் அட்டையைக் கழற்றினார். ஆறு போல்ட். நாலு வந்தது, இரண்டு துருப்பிடித்து முறிந்தது. ஐந்தாவதோடு மல்லுக்கட்டும்போதுதான் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கியது. கிரீஸ் வைத்து முடித்தபோது மணி ஒன்று, பசி. முறிந்த போல்டைத் துளைத்து எடுத்துவிட்டுத்தான் திருப்பி மாட்ட முடியும், அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று அட்டையைக் கொண்டுபோய் மாடிப்படிக்குப் பின்னால் சாத்தினார். மங்கை துணி உலர்த்த மேலே போகிற வழியில் பார்த்தாள். "என்னங்க இது?" என்றாள். "ஒண்ணுமில்ல. இது இல்லாட்டியும் ஓடும்." இது இல்லாட்டியும் ஓடும். பொய்யில்லை, ஓடத்தான் செய்தது. திங்கள் ஓடியது, செவ்வாய் ஓடியது, புதன்கிழமை வெயிலில் தாம்பரம் மார்க்கெட்வரை போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தார்கள். வியாழக்கிழமை போன் வந்தது. அவள் அந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்திருக்கிறாளா? மூன்று வார்த்தை. பால்காரன் பேச்சைப் போல, எதிர்வீட்டு நாய் குரைப்பைப் போல ஒரு ஞாயிற்றுக்கிழமையின் நடுவில் சொன்ன மூன்று வார்த்தையை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள். ஆனால் அவர் வைத்திருக்கிறார். சொன்னவன் வைத்திருந்தால் கேட்டவளும் வைத்திருக்கலாம். வாளியில் ஈரத்துணி, அவள் இடுப்பில் வாளி, மேல் படியில் ஒரு கால். எந்தக் கால் என்றுகூட அவரால் சொல்ல முடியும்.

"பிஸ்மில்லா" என்று தகட்டைத் தூக்கிக்கொண்டு பாய் வண்டிக்குள் குனிந்தார். வலப்பக்கத்து ஓட்டையில் வைத்தார், எடுத்தார், சாய்த்து வைத்தார், எடுத்தார். உள்ளேயிருந்து டங்கென்று ஒரு சத்தம். பிறகு சத்தமே இல்லை. அவருடைய முதுகு மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்தபோது சிரித்தார். "பாருங்க சார், முப்பது வருஷமா தகடு வெட்டறேன். எடதத் திருப்பினா வலதுன்னு இருந்துட்டேன். ஸ்டியரிங் எங்க போகும்? என் தலைவழியாவா போகும்?" மங்கையும் சிரித்தாள். "காலைல டீ குடிச்சீங்களா பாய்?" "குடிச்சேம்மா. ரெண்டாவது டீதான் வரல, அதான்." நாகலிங்கம் சிரிக்க முயன்றார். ஒரு நல்ல தகட்டை, ஒரு மனிதனின் அரை மணி நேர வேலையை, பார்த்துக்கொண்டே வீணாக்கியிருக்கிறார். ஐந்து வார்த்தையைச் சேமிப்பதற்காக. பாய் தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது வீணாப் போகாது, வேற எதுக்காச்சும் ஆகும்" என்று சுவரில் சாய்த்தார். யாரும் எதையும் வீணாகப் போகவிடுவதில்லை இந்த இடத்தில்.

அந்த வியாழக்கிழமை வீணாகப் போன ஒரு மணி பத்து நிமிஷம். பாலாற்றுப் பாலம் தாண்டும்போதே எஞ்சின் இருமத் தொடங்கியது. படாளத்துக்கு முன்னால் புளியமரத்தின் கீழ் நின்றுவிட்டது. இறங்கி முன்பக்கத்தைச் சாய்த்துத் திறந்தார். திறந்தவுடனே தெரிந்துவிட்டது. இது யாருக்கும் தெரியாத பகுதி, அவள் சொல்கிற கதையில் இல்லாத பகுதி. வலப்பக்கத்து ஓட்டை வழியாகச் சக்கரம் செம்மண் தண்ணீரை விசிறிபோல வீசியடித்திருந்தது. எஞ்சின் மேல், ஒயர்கள் மேல், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி மேல், யாரோ கையால் வாரி இறைத்த மாதிரி. இடப்பக்கம் அப்படி இல்லை. மங்கை இறங்கி வந்து குடை பிடித்தாள். அவருக்கு இல்லை, தனக்கும் இல்லை, எஞ்சினுக்கு. குனிந்து அந்தத் திறந்த வாயின் மேல் குடையை நீட்டிக்கொண்டு நின்றாள், மழை அவள் முதுகில் பெய்தது. அவள் கண்ணுக்கு நேரே அந்த ஓட்டை இருந்தது. ஒரு மணி பத்து நிமிஷமும் அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும், வேறு பார்க்க அங்கே ஒன்றுமில்லை. அவர் கைக்குட்டையால் மூடியைத் துடைத்தார், வேட்டி நுனியால் துடைத்தார், ஊதினார், மாட்டினார், சாவியைத் திருப்பினார், மறுபடி இறங்கினார். ஒரு பஸ் வந்தது. தானாகவே வேகம் குறைத்து நின்றது. கண்டக்டர் தலையை நீட்டி, "எடம் இருக்கும்மா, ஏறிக்குங்க" என்றான். அவள் இவரைப் பார்த்தாள். அஞ்சு நிமிஷம், இதோ ஆயிடுச்சு என்றார் இவர். அவள் கையை அசைத்து பஸ்ஸை அனுப்பிவிட்டாள். அட்டையை மறந்துவிடலாம். மறதி, சோம்பல், எந்த மனிதனுக்கும் உண்டு. பஸ்ஸை என்ன செய்வது? அந்த அஞ்சு நிமிஷம் எதற்கு? வண்டியைச் சரிசெய்து ஓட்டிக்கொண்டு போய்விட்டால் ஓட்டை என்று ஒன்று இருந்ததே தெரியாமல் போய்விடும் என்பதற்காக. அதைத்தான் அவர் துடைத்துக்கொண்டிருந்தார். பஸ் போய் ஒரு மணி நேரம் கழித்து வண்டி கிளம்பியது. வீட்டு வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. வாசலையே பாத்துட்டு இருந்தாங்க என்று யாரோ அவளிடம் சொன்னார்கள். ஈரப் புடவையோடு உள்ளே போகாதே, மாத்திக்கிட்டுப் போ என்று வேறு யாரோ சொன்னார்கள். அவள் மாற்றவில்லை. மாமியாரின் பாதத்தில் அவள் கை வைத்த இடத்தில் தண்ணீர் நின்றது.

"சார்" என்றார் பாய். இரண்டாவது தடவையாகக் கூப்பிட்டிருக்க வேண்டும். "வெட்டு எங்க வரும்னு பாக்காம தோராயமா வச்சேன்னா தண்டு உரசும். திரும்புறப்ப உரசி உரசி என்னைக்காச்சும் பிடிச்சுக்கும். புதுப்பேட்டைல அசல் கிடைக்காதா?" கிடைக்காது. மூன்று மாதம் தேடியாகிவிட்டது. ஓசூரிலிருந்து மகன் வந்து, பதினாலு வருஷமாத் தார்ப்பாய் போத்தி வச்சிருக்கீங்க, ஒண்ணு ஓட்டுங்க, இல்ல யாருக்காச்சும் குடுத்துடுங்க என்றபோது, மங்கைதான் முந்திக்கொண்டு, "குடுக்க வேணாம். ஒருதரம் அதுல மதுராந்தகம் போயிட்டு வரணும்" என்றாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. இவர் கேட்கப் பயந்தார். ஐப்பசியில் தங்கை பேரனுக்குக் காது குத்து, அதற்குப் போகலாம் என்றாள். ஐப்பசியில். மழையில். அதன் பிறகு அவர் புதுப்பேட்டையில் சந்து சந்தாக அலைந்தார். பழைய வண்டிக்காரர்களின் நம்பர்களைத் தேடிப் பிடித்துப் பேசினார். மைசூரில் ஒருவரிடம் இருந்தது, இடது. திருச்சியில் ஒருவர் போட்டோ அனுப்பினார், இடது. உலகத்தில் எல்லோரிடமும் இடதுதான் இருந்தது. தன் வீட்டுப் பரணில் இருக்கிற ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருந்தார். மாடிப்படிக்குப் பின்னாலிருந்து அதை எடுத்துச் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் வெண்கலப் பானைகளுக்குப் பின்னால் வைத்தது, மாமியாரின் பத்தாம் நாள் காரியம் முடிந்து வந்த அன்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் பரணை ஒழிக்க அவர்தான் ஏறினார், வேறு யாரையும் ஏற விடவில்லை. எங்க வீட்டுல பரண் வேலை மட்டும் அவருதான், என்னைத் தொட விடமாட்டாரு என்று அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். ஒரு தடவை துணிந்து பழைய பேப்பர்காரனிடம் போட்டார். அவன் முகர்ந்து பார்த்துவிட்டு, இது அட்டை இல்ல சார், தாரு, மில்லுல எடுக்க மாட்டாங்க என்று திருப்பிக் கையில் கொடுத்தான். வீட்டுக்குள்ளே திரும்பக் கொண்டுவரும்போது சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். தூக்கியெறிய எத்தனையோ குப்பைத்தொட்டி இருந்தது. அதை எறியவில்லை. அது இருக்கிறவரைக்கும் ஒருநாள் சொல்லிவிடலாம் என்பதுபோல இருந்தது.

இன்று காலை, அவள் குளிக்கப் போனபோது, ஏணி வைத்து ஏறி அதை இறக்கி டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் வைத்தார். வைக்கும்போது எதற்கென்று தீர்மானிக்கவில்லை. அவள் தெருமுனையில் பழம் வாங்குகிற நேரம் பார்த்து பாயிடம் ரகசியமாகக் கொடுத்து அளவு எடுத்துவிட்டுத் திருப்பி வாங்கிவிடலாம் என்று ஒரு யோசனை. அவள் பழத்தை முதலிலேயே வாங்கி ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். இப்போது என்ன. கையால் காட்டலாம். அதில் என்ன தப்பு, யூகித்தேன் என்று சொன்னால் போயிற்று. பானெட்டின் மேல் படிந்திருந்த தூசியில் விரலை வைத்தார். "இங்கேருந்து நாலு விரல் மேல. அப்புறம் இப்படிப் பின்னால சாயும். மேல போகப் போக அகலமாகும்." விரல் தானாகவே போயிற்று. நாக்கின் வளைவில் தயங்காமல் திரும்பியது. திரும்பினபிறகு, கேட்காமலே, கீறலையும் போட்டது. பாய் தூசியில் கிடந்த படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "பாத்த மாதிரி சொல்றீங்களே சார்." கிண்டல் இல்லை, பாராட்டுத்தான். கொட்டகைக்குப் பின்னால் மின்சார ரயில் ஒன்று போயிற்று, தகரம் முழுவதும் நடுங்கியது, அது போய் முடிகிறவரை யாரும் பேச முடியவில்லை. அந்த நேரம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. அல்லது மிக அதிகமாக இருந்தது. அவள் மறுபடியும் இந்த வண்டியில் ஏறி, அதே ரோட்டில், அதே பாலத்தின் மேல், மழை வந்தால் வண்டி நின்னுடுமே என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு வருவாள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, பாயின் புத்தம்புது அலுமினியத் தகடு இருக்கிறது, நிற்காது என்று தைரியம் சொல்வார். புளியமரம் வரும். அவள் அன்னைக்கு மழை மட்டும் இல்லேன்னா என்பாள். வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். அதைத் தாங்க முடியாது என்று தோன்றியது. நின்றதைக்கூடத் தாங்கிவிட்டார்.

டிக்கியைத் திறந்தார். ஸ்டெப்னியைத் தூக்கச் சிரமமாக இருந்தது, பாய் உதவிக்கு வருவதற்குள் தூக்கிவிட்டார். செய்தித்தாள் மஞ்சளாகி விரல் பட்ட இடமெல்லாம் நொறுங்கியது. பிரித்து, பட்டறை மேஜையின் மேல், முருகன் இல்லாத காலண்டர் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். தார் வாசனை இன்னும் இருந்தது. இத்தனை வருஷம் கழித்தும்.

"அசலை வச்சுக்கிட்டா சார் இவ்வளவு நேரம்..." என்று தொடங்கின பாய், அவர் முகத்தைப் பார்த்து, மீதியை விழுங்கிக்கொண்டு, பென்சிலைத் தேடத் தொடங்கினார். பென்சில் காதில்தான் இருந்தது.

நாகலிங்கம் திரும்பி மங்கையைப் பார்த்தார். "வாங்கினப்ப இருந்துது" என்றார். "நான்தான் கழட்டினேன். அந்த வாரம், ஞாயித்துக்கிழமை. திருப்பி மாட்டல. வண்டி மழையால மட்டும் நிக்கல."

அவள் அவரைப் பார்க்கவில்லை, மேஜை மேல் இருந்ததைப் பார்த்தாள். எழுந்து பக்கத்தில் வந்தாள். ஒரு கையில் பாதி ஆரஞ்சு. வெகுநேரம் பார்த்தாள் என்று அவருக்குத் தோன்றியது.

"மாடிப்படிக்குப் பின்னால சாத்தி வச்சிருந்தீங்களே, அதா?"

"அதுதான்."

"இல்லாட்டியும் ஓடும்னீங்க."

ஞாபகம் இருக்கிறது. எப்போதிலிருந்து? அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்தா, குடை பிடித்துக்கொண்டு நின்றபோதிலிருந்தா, அரை மணி நேரத்துக்கு முன்னால் நின்னுடுமா என்று கேட்டதிலிருந்தா. இவ்வளவு வருஷமும் மழை மழை என்று அவள் சொன்னது தெரியாமலா, தெரிந்துகொண்டு இவருக்குக் கொடுத்த அவகாசமா. கேட்டால் சொல்லிவிடுவாள். கேட்கிற உரிமை இப்போது அவரிடம் இல்லை. "பஸ்ஸும் வந்துது" என்றார். தன் குரல் யாரோ ஒரு கிழவனுடையதுபோல இருந்தது. "அதுல உன்னை ஏத்தி விட்டிருக்கணும்."

அவள் பாயிடம் திரும்பினாள். "பாய், இது இருந்திருந்தா அன்னைக்கு வண்டி நின்னிருக்காதா?"

"என்னைக்கும்மா?"

"ஒருநாள். நல்ல மழை."

பாய் வண்டியின் ஓட்டையைப் பார்த்தார், அட்டையைக் கையால் தடவிப் பார்த்தார். எது சொன்னால் இவர்களுக்கு நல்லது என்று யோசிக்கிறாரோ என்று நாகலிங்கத்துக்குப் பயமாக இருந்தது. அப்படி யோசிக்கிற ஆள் இல்லை அவர். "சொல்ல முடியாதும்மா. இது இருந்தும் நின்ன வண்டி பாத்திருக்கேன். இல்லாம ஓடினதும் பாத்திருக்கேன். இருந்தா இவ்வளவு நனையாது. அது மட்டும்தான் சொல்லலாம்."

மங்கை தலையை ஆட்டினாள். மிச்சம் இருந்த ஆரஞ்சைக் காகிதத்தில் வைத்து நாற்காலியின் மேல் வைத்தாள். நாகலிங்கம் காத்திருந்தார். இனி அவள் என்ன சொன்னாலும் அது வந்து சேரட்டும் என்று இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். பாய் புதிதாக ஒரு தகட்டை எடுத்துத் தூசி தட்டி மேஜையில் விரித்து, அதன் மேல் பழைய அட்டையை வைத்தார். இத்தனை வருஷம் சாய்ந்தே கிடந்ததில் அட்டை வளைந்து போயிருந்தது. ஒரு முனை படிந்தால் மறு முனை எழும்பியது. "சார், அந்தப் பக்கம் கொஞ்சம் அழுத்திப் பிடிங்க" என்றார் பாய். நாகலிங்கம் அழுத்தினார், கீறல் அவர் கட்டைவிரலுக்கு அடியில் வந்தது. எதிர்முனை தகட்டை விட்டு ஒரு விரல் உயரம் தூக்கிக்கொண்டு நின்றது. பாய் பென்சிலோடு குனிந்தார். மங்கை புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, எழும்பியிருந்த முனையின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். பென்சில் அவளுடைய விரல்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று.